எம்பதி: அனுதாபமா, ஒத்துணர்வா?

குழந்தை வளர்ப்பு பற்றிய பேச்சில் இப்போது அடிக்கடி அடிபடும் சொல் ‘எம்பதி’. தமிழில் என்னவென்று கேட்டால் பலரும் சட்டென்று ‘அனுதாபம்’ என்றுவிடுகிறார்கள். அங்கேதான் பிசகு.

நாலாவது படிக்கும் என் மகள் போன வாரம் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தாள். தோழி வேறு பெஞ்சுக்கு மாறிவிட்டாளாம். “அச்சச்சோ, பாவம்டி நீ. விடு, நாளைக்குப் பேசிடுவா” என்றேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் அம்மா தலை நிமிராமல் கேட்டார்: “அப்ப மத்தியானம் யாரோட உக்காந்து சாப்பிட்ட?” அவ்வளவுதான், பிள்ளை ‘ஓ’வென்று அழுதாள். டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது. நான் காட்டியது அனுதாபம். அம்மாவோ அந்தப் பெஞ்சிலேயே போய் உட்கார்ந்துவிட்டார். அதுதான் எம்பதி.

ஆங்கிலத்துக்கே இது புதுச் சொல். 1873-இல் ராபர்ட் ஃபிஷர் என்ற ஜெர்மானியர், கலைப்பொருளைப் பார்ப்பவர் தன் உணர்வை அதற்குள் செலுத்துவதை ‘ஐன்ஃப்யூலுங்’ என்றார். ‘உள்ளே புகுந்து உணர்தல்’ என்று பொருள். ஜெர்மன் தத்துவவாதி தியோடர் லிப்ஸ் அதை உளவியலுக்குக் கொண்டுவந்தார். உளவியலாளர் எட்வர்ட் டிட்சனர் 1909-இல் கிரேக்க ‘எம்பாதெயா’வை வைத்து அதை ஆங்கிலத்தில் ‘எம்பதி’ என்று ஆக்கினார். வேடிக்கை என்னவென்றால், இன்றைய கிரேக்கத்தில் அந்தச் சொல்லுக்குப் பொருள் காழ்ப்பு!

அனுதாபத்தின் கதையும் அப்படித்தான். ‘அனு’ என்றால் பின்தொடர்ந்து, ‘தாபம்’ என்றால் வெப்பம், வேதனை. வடமொழியில் அது செய்த தவறுக்கு வருந்துவதைக் குறிக்கும். தமிழில் கரையில் நின்று ‘ஐயோ பாவம்’ சொல்வதாகிவிட்டது. இரக்கத்திலும் இரங்குபவர் மேலே, மற்றவர் கீழே என்ற அந்தத் தூரம் இருக்கிறது. ‘பரிவு’ இன்னும் நெருக்கம். அன்பும் துயரும் அந்த ஒரே சொல்லில் உண்டு. ஆனால் பரிவோடு இருப்பவர்கூட எதிராளியின் நிலையைத் தப்பாகப் புரிந்துகொள்ளலாம்.

பழைய தமிழில் எம்பதிக்கு அருமையான சொல் இருந்தது: கண்ணோட்டம். குறளில் 58-ஆம் அதிகாரமே அதுதான். அங்கே அதற்கு இரக்கம் என்று பொருள். இன்றோ ‘பார்க்கும் கோணம்’. அடுத்தவர் கோணத்தில் பார்ப்பது, அவருக்காக மனம் கசிவது என்று எம்பதியின் இரண்டு பாதிகளும் அந்த ஒரு சொல்லின் இரண்டு காலத்தில் கிடக்கின்றன. மீட்கலாமே என்று ஆசைதான். ஆனால் ‘என் கண்ணோட்டத்தில்’ என்று நாளெல்லாம் பேசுகிறவர்களிடம் இனி எடுபடாது. ஆகவே எழுத்தில் ‘ஒத்துணர்வு’ என்பதே என் தேர்வு. ‘பிறிதின்நோய் தந்நோய்போல்’ என்று 315-ஆம் குறள் சொல்வதற்கும் அது பொருந்துகிறது. ‘அவர்மேல் ஒத்துணர்வு காட்டினார்’ என்று மட்டும் எழுதாதீர்கள், அது பழைய அனுதாப வாக்கியம். ‘ஒத்துணர்ந்து கேட்டார்’ என்றால் சரி.

எம்பதியோடு ஒட்டிக்கொண்டு வரும் இன்னொன்று ‘உணர்வுசார் வெளிப்படைத்தன்மை’. அரசாங்க டெண்டர் அறிவிப்பின் வாடை அடிக்கிறது. நம் வீடுகளில் அதற்கு ‘மனம்விட்டுப் பேசுவது’ என்று பேர். அன்று மாலை என் மகள் வாய்விட்டு அழத்தான் செய்தாள். மனம்விட்டுப் பேசியது ராத்திரி, ஆச்சி பக்கத்தில் படுத்துக்கொண்டு. என்ன பேசினார்கள் என்று இரண்டு பேரும் இன்னும் என்னிடம் சொல்லவில்லை.