தாஜ்மஹால் வேண்டாம், தினமும் தாண்டிப்போகும் கோட்டையைச் சொல்லுங்கள்

போன மாதம் என் வகுப்பில், வெளிநாட்டு வேலைக்குக் கேட்கும் ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலப் பேச்சுத் தேர்வுக்கு ஒரு மாதிரித் தேர்வு. எதிரே உட்கார்ந்திருந்தவர் நான்கு வருட அனுபவமுள்ள ஸ்டாஃப் நர்ஸ். ஐசியூவில் நைட் டூட்டி முடித்துவிட்டு, தூங்காமல் நேராக வகுப்புக்கு வந்திருந்தார். பேச வேண்டிய தலைப்பு எழுதிய கியூ கார்டை நீட்டினேன். நீங்கள் நேரில் போய்ப் பார்த்த ஒரு பழமையான கட்டடத்தைப் பற்றிப் பேச வேண்டும். யோசிக்க ஒரு நிமிடம். அந்த ஒரு நிமிடத்தில் அவர் தாளில் ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. நேரம் முடிந்ததும் தாஜ்மஹாலைப் பற்றி மூச்சுவிடாமல் ஒப்பிக்க ஆரம்பித்தார். வெள்ளைப் பளிங்கு, யமுனைக் கரை, ஷாஜகான், மும்தாஜ் என்று நாற்பது விநாடி ஓடியது. அப்புறம் ஒரு சொல் மறந்துபோனது. கூரையைப் பார்த்தார். திரும்பவும் முதல் வரியிலிருந்து தொடங்கினார்.

"ஆக்ராவுக்கு எப்பம்மா போனீங்க?" என்று கேட்டேன்.

"போனதே இல்ல மேம். அந்த பிடிஎஃப்ல இருந்துச்சு."

எங்கள் வகுப்பு நடப்பது வேலூரில். அவர் தங்கியிருக்கும் அறையிலிருந்து வேலைக்குப் போகிற பஸ் கோட்டை அகழியை ஒட்டித்தான் போகும். போக ஒரு தடவை, வர ஒரு தடவை, நான்கு வருடமாக.

அந்த பிடிஎஃப் எல்லோர் போனிலும் இருக்கிறது. 'உறுதியாக வரும் கேள்விகள், பேண்ட் 8 பதில்கள்' என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. பேண்ட் என்பது இந்தத் தேர்வின் மதிப்பெண். சிலர் அதைக் காசு கொடுத்தும் வாங்குகிறார்கள். இங்கிலாந்தின் நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்ய ஐஇஎல்டிஎஸ் பேச்சுத் தேர்வில் 7 வேண்டும். தேர்வுக் கட்டணமே சின்ன மருத்துவமனைகளில் வேலை செய்யும் நர்ஸுக்கு ஒரு மாதச் சம்பளத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும். 6.5 வாங்கிவிட்டு இரண்டாவது முறை, மூன்றாவது முறை என்று பணம் கட்டுகிறவர்களைப் பார்க்கும்போது மனசு கஷ்டப்படுகிறது. அவர்களில் பலர் நன்றாகவே ஆங்கிலம் பேசக்கூடியவர்கள். மனப்பாடம்தான் அவர்களைக் கீழே இழுக்கிறது.

பேச்சுத் தேர்வு 11 முதல் 14 நிமிடம், மூன்று பகுதிகள். மதிப்பெண் நான்கு விஷயங்களுக்கு, நான்குக்கும் சம எடை: தடங்கலில்லாமல் கோர்வையாகப் பேசுவது, சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு. உங்கள் வரலாற்று அறிவுக்கு இதில் மதிப்பெண்ணே கிடையாது. ஷாஜகான் கட்டினாரா, அக்பர் கட்டினாரா என்று தேர்வாளர் சரிபார்க்கப் போவதில்லை. ஆனால் நீங்கள் பேசுகிறீர்களா, ஒப்பிக்கிறீர்களா என்பதைக் கண்டுபிடிக்க அவருக்குப் பயிற்சி உண்டு. ஒப்பிக்கிறவரின் குரலில் ஏற்ற இறக்கம் இருக்காது. மூச்சு தப்பான இடத்தில் விழும். கியூ கார்டை வைத்துப் பேசும் இரண்டாம் பகுதியில் பெரிய பெரிய வார்த்தைகளாகக் கொட்டிவிட்டு, மூன்றாம் பகுதியில் எதிர்பாராத கேள்வி வந்ததும் 'வெரி குட், வெரி நைஸ்' என்று இறங்கினால், எது சொந்த ஆங்கிலம் என்று உடனே தெரிந்துவிடும்.

சரி, அந்த நர்ஸிடம் திரும்புவோம். ஆங்கிலத்தை விடுங்க, கோட்டையைப் பத்தித் தமிழ்ல சொல்லுங்க என்றேன். முதலில் "என்ன மேம் இருக்கு அதுல, சும்மா கோட்டைதானே" என்றார். பிறகு தானாக வந்தது. சம்பளம் வாங்கிய முதல் மாதம் அம்மாவை ஊரிலிருந்து கூட்டிவந்து ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குப் போனது. கல்யாண மண்டபத் தூணில் இருக்கிற யாளியின் வாய்க்குள் அம்மா விரலை விட்டுப் பார்த்தது. வெயிலில் கருங்கல் சுட்டு இருவரும் ஓட்டமாக நிழலுக்குப் போனது. அகழித் தண்ணீர், பச்சை நிறம், மழை பெய்தால் விளிம்பு வரைக்கும் வருவது. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்று நிமிடம் ஆகியிருந்தது. தேர்வில் கேட்பது அதிகபட்சம் இரண்டு நிமிடம்தான்.

இந்த நினைவு ஒன்று போதும், ஆங்கிலத்துக்கான வேலை பாதி முடிந்த மாதிரி. இலக்கணமும் இதிலேயே இருக்கிறது. கோட்டை 16ஆம் நூற்றாண்டில் விஜயநகர அரசின் காலத்தில் கட்டப்பட்டது என்று சொல்ல 'வாஸ் பில்ட்' வேண்டும். நான்கு வருடமாக அதைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறேன் என்பதற்கு 'ஹேவ் பீன் பாஸிங்' வேண்டும். அம்மாவுடன் போன அந்த நாளுக்கு இறந்தகாலம். இன்றும் நிற்கிறது என்பதற்கு நிகழ்காலம். தேர்வாளர் தேடுகிற பலவகை வாக்கிய அமைப்பு இதுதான். அதை வலிந்து நுழைக்கவே வேண்டாம், கதையைச் சொன்னாலே வரிசையாக வந்துவிடும்.

குறிப்பெழுதக் கிடைக்கும் அந்த ஒரு நிமிடத்தில் முழு வாக்கியம் எழுதாதீர்கள். அகழி, அம்மா, யாளி, சூடு என்று நாலைந்து சொல் போதும். ஆண்டுகளைச் சொல்லும்போது கவனம்: 1806 என்பதை 'எய்ட்டீன் ஓ சிக்ஸ்' என்று சொல்லுங்கள். 'ஒன் தௌசண்ட் எய்ட் ஹண்ட்ரட்' என்று நீட்ட வேண்டியதில்லை. தஞ்சைப் பெரிய கோயில் 1010இல் முடிந்தது என்றால் 'டென் டென்'.

பழைய கட்டடம் முடிந்தது, இப்போது இன்னொரு தலைப்பு: ஃபேஷன். இந்தத் தலைப்பு முதல் பகுதியிலேயே வரலாம். உங்களுக்கு ஃபேஷனில் ஆர்வம் உண்டா, எந்த மாதிரி உடை பிடிக்கும், ஆன்லைனில் துணி வாங்குவீர்களா என்று எளிய கேள்விகள். இங்கே நம்மவர்கள் செய்வது, இல்லை என்றால் மார்க் போய்விடுமோ என்று பயந்து, ஆர்வமே இல்லாத ஒன்றை ஆர்வம் இருப்பதாகச் சொல்வது. சொல்லிவிட்டு அடுத்த கேள்வியில் மாட்டிக்கொள்வார்கள். தாராளமாக இல்லை என்று சொல்லுங்கள். வாரத்தில் ஆறு நாள் யூனிஃபார்மில் இருக்கிறேன், அதனால் ஃபேஷனைப் பற்றி யோசிக்க நேரமில்லை, ஆனால் லீவு நாளில் அம்மா எடுத்துக்கொடுத்த சுங்குடிப் புடவை கட்டினால்தான் வீட்டில் இருக்கிற உணர்வே வருகிறது. இது அருமையான பதில். இரண்டு மூன்று வாக்கியத்தில் முடித்துக்கொள்ளலாம், முதல் பகுதியில் அதற்குமேல் நீட்டத் தேவையில்லை. சுங்குடி என்ற பெயரை அப்படியே சொல்லி, மதுரைப் பக்கத்தில் முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்க்கும் பருத்தித் துணி என்று ஒரு வரி சேர்த்தால் அதுவே சொல்வளம்.

உடை பற்றிப் பேசும்போது நம் வாயில் வருகிற சில சொற்கள் ஆங்கிலக் காதில் வேறு பொருள் தரும். 'டிரெஸ்' என்று நாம் எல்லா உடையையும் சொல்கிறோம். அங்கே 'எ டிரெஸ்' என்றால் பெண்கள் போடும் கவுன் மாதிரி ஒன்று. ஒரு ஆண், தீபாவளிக்கு 'எ டிரெஸ்' வாங்கினேன் என்றால் தேர்வாளர் ஒரு கணம் குழம்புவார். பொதுவாகச் சொல்ல 'க்ளோத்ஸ்'. அதையும் 'குளோத்தஸ்' என்று இழுக்காமல் ஒரே அசையாக, 'க்ளோஸ்' என்பதற்குப் பக்கத்தில் சொன்னால் சரி. 'க்ளாத்' என்றால் தைக்காத துணி. இன்னொன்று, எனக்கு மிகவும் கவலை தருகிற தவறு. 'ஐ யூஸ்டு டு வேர் சல்வார்' என்று சொல்கிறார்கள். வழக்கமாக சல்வார் போடுவேன் என்று நினைத்துத்தான் சொல்கிறார்கள். கேட்பவருக்கோ, முன்பு போட்டுக்கொண்டிருந்தேன், இப்போது விட்டுவிட்டேன் என்று பொருள். அதற்கு 'யூஷுவலி' என்ற ஒரு சொல் போதும்.

உச்சரிப்பில் ஒரே ஒரு ஒலியைச் சரிசெய்ய நேரமிருந்தால் 'ஃப'வைச் சரிசெய்யுங்கள். ஏனென்றால் இந்த இரண்டு தலைப்புக்கும் வேண்டிய 'ஃபேஷன்', 'ஃபோர்ட்' என்ற சொற்கள் அதில்தான் தொடங்குகின்றன. நாம் பேச்சில் 'பேஷன்' என்கிறோம். தேர்வாளர் காதில் அது வேட்கை என்று பொருள்படும் 'பேஷன்' ஆக விழும். எனக்கு பேஷனில் ஆர்வமில்லை என்று ஒருவர் சொன்னால் அவருக்கு வாழ்க்கையிலேயே ஈடுபாடு இல்லை என்று கேட்கும். 'ஃபோர்ட்'டை 'போர்ட்' என்றால் கோட்டை துறைமுகமாகிவிடும். வேலூரில் கடல் இல்லையே என்று அவர் யோசிப்பார். கீழுதட்டை மேல் பல்லில் லேசாகத் தொடவைத்துக் காற்றை விடுங்கள். கண்ணாடி முன் ஐந்து நிமிடம், ஒரு வாரம். இரண்டு உதடும் ஒட்டினால் அது 'ப'.

மூன்றாம் பகுதியில்தான் இரண்டு தலைப்பும் கனக்கும். உடைக்கும் அடையாளத்துக்கும் தொடர்பு உண்டா, வேலையிடத்தில் சீருடை கட்டாயமாக்கலாமா, பழைய கட்டடங்களைக் காக்க அரசு செலவழிக்க வேண்டுமா. கேள்வி புரியாவிட்டால் விளக்கச் சொல்லிக் கேட்கலாம், தவறில்லை. எங்கள் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்வது, இந்தக் கேள்விகளுக்கும் பதில் அதே கோட்டைக்குள் இருக்கிறது. 1805 நவம்பரில் மதராஸ் ராணுவத்துக்குப் புதிய உடை விதி வந்தது. சிப்பாய்கள் பணியில் நெற்றிக்குறி இடக் கூடாது, தாடி கூடாது, தோல் சின்னம் வைத்த புதிய தலைப்பாகை அணிய வேண்டும். இந்துக்களும் இஸ்லாமியர்களும் இதைத் தங்கள் நம்பிக்கையின் மேல் கைவைப்பதாகவே எடுத்துக்கொண்டார்கள். திப்பு சுல்தானின் குடும்பமும் அதே கோட்டையில்தான் காவலில் இருந்தது. 1806 ஜூலை 10 விடியும் முன் வேலூரில் கிளர்ச்சி வெடித்தது. ஆற்காட்டிலிருந்து வந்த குதிரைப்படை அன்றைக்கே அதை ரத்தத்தில் அடக்கியது. காரணங்கள் வேறும் உண்டு. ஆனால் உடை என்பது வெறும் துணியா என்று கேட்கிற தேர்வாளரிடம் சொல்ல இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

மதுரைக்காரர்களுக்கும் ஒன்று இருக்கிறது. 1921 செப்டம்பர் 22 அன்று காந்தி அரையாடைக்கு மாறியது மதுரையில்தான். அங்கே ராணி மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனைதான் இன்று காந்தி நினைவு அருங்காட்சியகம். சுடப்பட்டபோது அவர் உடுத்தியிருந்த, ரத்தக் கறை படிந்த துணி அங்கே வைக்கப்பட்டிருக்கிறது. பழைய கட்டடம், உடை, இரண்டு கேள்விக்கும் ஒரே வாசல். மற்ற ஊர்க்காரர்கள் அவரவர் பக்கத்தில் தேடுங்கள், கட்டாயம் ஏதாவது இருக்கும். இல்லாவிட்டால் தாத்தா கட்டிய வீடு, ஊர்ச் சாவடி, பழைய ரயில் நிலையம் என்று எதைச் சொன்னாலும் சரி.

இரண்டு வாரம் கழித்து அதே நர்ஸுக்கு அதே கார்டைத் திரும்ப நீட்டினேன். இந்த முறை தாளில் ஐந்து சொல் எழுதினார். பேசும்போது 'ஃபோர்ட்' இரண்டு இடத்தில் 'போர்ட்' ஆனது, ஒரு இடத்தில் தானே திருத்திக்கொண்டார். அகழியில் தொடங்கி, அம்மா கோட்டைவாசலில் செருப்பைக் கழற்றப் போனதையும், இவர் தடுத்து நிறுத்தியதையும் சொல்லும்போது அவர் முகத்தில் சிரிப்பு. கூரையை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. இரண்டு நிமிடம் முடிந்ததும், தேர்வில் செய்வதைப் போலவே, கையைக் காட்டி நிறுத்தினேன்.

"மேம், யாளிக்கே இன்னும் வரலையே" என்றார்.