படித்தது எங்கே போகிறது?

'வீட்டில் கடகடவென்று ஒப்பிக்கிறாள். தேர்வு அறையில் ஒரு வரிகூட வருவதில்லை என்கிறாள். வெளியே வந்ததும் எல்லாம் ஞாபகம் வருகிறதாம். இது என்ன கோளாறு?' என்று பன்னிரண்டாம் வகுப்பு மாணவியின் தாய் ஒருவர் கேட்டிருந்தார்.

கோளாறு எதுவும் இல்லை. பயந்தால் அட்ரினலின் சுரக்கும், நெஞ்சு படபடக்கும். இது பள்ளியிலேயே படித்ததுதான். அது சில நொடி வேலை. அதன் பின்னால் மெதுவாக வருவது கார்டிசோல் என்ற இன்னொரு ஹார்மோன். மூளையிலுள்ள ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்டி, பிட்யூட்டரி சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரினல் சுரப்பியைத் தூண்டி, இரத்தத்தில் கார்டிசோல் உச்சத்தைத் தொட இருபது, முப்பது நிமிடம் ஆகிவிடும். விஷயமே இந்தத் தாமதத்தில்தான் இருக்கிறது.

1998இல் டொமினிக் டி குவெர்வெய்னும் சக ஆய்வாளர்களும் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் ஒரு சோதனை செய்தார்கள். தண்ணீர்த் தொட்டியில் எலியை விடுவார்கள். நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே, கண்ணுக்குத் தெரியாத ஒரு மேடை இருக்கும். எலி நீந்தித் தவித்து அதைக் கண்டுபிடித்து ஏறிக்கொள்ளும். பல முறை விட்டால் அறையிலுள்ள பொருள்களை அடையாளம் வைத்து நேரே அங்கே போகப் பழகிவிடும். மறுநாள் மேடையை எடுத்துவிட்டு, எலி எந்தப் பக்கம் போய்த் தேடுகிறது என்று கவனித்தார்கள். அதற்கு முன் காலில் சிறிய மின்னதிர்ச்சி கொடுத்தார்கள். அதிர்ச்சிக்கு 2 நிமிடம் கழித்து நீரில் விட்ட எலிகள் சரியான இடத்தில் தேடின. 4 மணி நேரம் கழித்து விட்டவையும் அப்படியே. 30 நிமிடம் கழித்து விட்டவை மட்டும் இடம் தெரியாமல் திணறின! எலிகளில் கார்டிசோலின் வேலையைச் செய்யும் கார்டிகோஸ்டீரோன் சுரக்காதபடி மருந்து கொடுத்தபோது, 30 நிமிட எலிகளும் இடத்தை மறக்கவில்லை. எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுக்காத சோதனை இது. நினைவு அழியவில்லை, எடுக்க முடியவில்லை என்பதை ஒரு கடிகாரத்தை வைத்தே காட்டிவிட்டார்கள்.

மனிதர்களிடமும் 2000இல் பார்த்தார்கள். உடலுக்குள் போய்க் கார்டிசோலாக மாறும் கார்டிசோன் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு, முந்தைய நாள் மனப்பாடம் செய்த சொற்கள் குறைவாகவே நினைவுக்கு வந்தன.

ஆகவே தேர்வுக்கு அரை மணி நேரம் முன்பு பள்ளி வாசலில் நின்று 'அந்த அஞ்சு மார்க் கேள்வி படிச்சியா?' என்று பிள்ளையைப் பதறவைக்காதீர்கள். தோழிகள் கூட்டமாக நின்று கேள்வி கேட்டுக்கொள்ளும் இடத்திலிருந்தும் அவள் தள்ளி இருக்கட்டும்.

அப்புறம், படிக்கும் முறை. 2016இல் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் 120 பேரிடம் செய்த ஆய்வில், திரும்பத் திரும்பப் படித்தவர்களின் நினைவாற்றல் பதற்றத்தில் சரிந்தது. பார்க்காமல் நினைவுகூர்ந்து பழகியவர்களுக்கு அப்படிச் சரியவில்லை. தேர்வுக் காலத்தில் ஞாபக சக்தி டானிக் விற்பவர்கள் நம் பயத்தைக் காசாக்குகிறார்கள். எனக்கு அதில் கோபம் உண்டு. அந்தப் பணத்துக்குப் பழைய வினாத்தாள் வாங்கிக் கொடுங்கள். புத்தகத்தை மூடிவைத்து, கடிகாரத்தை எதிரில் வைத்து, அவள் எழுதிப் பார்க்கட்டும்.