கண்ணாடியில் ஊதிய ஷாம்ராக்: ஒரு கிறிஸ்துமஸ் அலங்காரத்தின் அறிவியல்

கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிடப்படும் கண்ணாடி அலங்காரங்களுள் பல உருண்டையாக இருப்பதற்கு அழகுணர்ச்சி மட்டும் காரணமில்லை. சூட்டில் இளகிய கண்ணாடிக்குள் காற்றை ஊதும்போது, அதன் பரப்பு இழுவிசை புறப்பரப்பை இயன்றவரை சுருக்க முயல்கிறது. குறிப்பிட்ட அளவு காற்றை மிகக் குறைந்த பரப்புக்குள் அடைக்கும் வடிவம் கோளம்தான் என்பதால், சோப்புக் குமிழியைப் போலவே கண்ணாடியும் கோளமாக உப்புகிறது. அயர்லாந்தின் அடையாளங்களைத் தாங்கிய அலங்காரங்களோ இந்த இயல்புக்கு எதிரான வடிவம் கொண்டவை. மூன்று இலைகள் கொண்ட சிறு செடியான ஷாம்ராக், மகுடம் சூடிய இதயத்தை இரு கைகள் ஏந்தி நிற்கும் கிளாடா சின்னம், அந்நாட்டின் அரசு முத்திரையான ஹார்ப் என்னும் யாழ் போன்ற நரம்பிசைக் கருவி ஆகிய மூன்றில் ஒன்றும் உருண்டை இல்லை. அவற்றுள் ஷாம்ராக்கை எடுத்துக்கொண்டால், கண்ணாடியின் இயற்பியல் முழுவதையும் அந்த ஒரு சிறிய பொருளிலேயே பார்த்துவிடலாம்.

ஐந்தாம் நூற்றாண்டில் அயர்லாந்தில் கிறிஸ்தவத்தைப் பரப்பிய புனித பேட்ரிக், ஒரே காம்பில் மூன்று இலைகள் நிற்பதைக் காட்டி, தந்தை, மகன், தூய ஆவி ஆகிய மூவரும் ஒரே கடவுள் என்னும் திரித்துவத்தை விளக்கினார் என்பது மரபு. ஆயினும் இக்கதை எழுத்தில் இடம்பெறுவது 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில்தான். ஷாம்ராக் எந்தச் செடி என்பதும் எளிதில் முடிவான கேள்வியன்று. 1890களில் நதானியேல் கோல்கன் என்ற தாவர ஆய்வாளர், அயர்லாந்தின் பல பகுதி மக்களிடமிருந்து அவர்கள் ஷாம்ராக் என்று நம்பிய செடிகளைப் பெற்று, பூக்கும்வரை வளர்த்துப் பார்த்தார். பெரும்பாலானவை மஞ்சள் பூப் பூக்கும் சிறு குளோவர் என்னும் தீவனச் செடியாகவும், அடுத்தபடியாக வெள்ளைக் குளோவராகவும் இருந்தன. கடைகளில் சில நேரம் காணப்படும் நான்கிலை வடிவம் அதிர்ஷ்டச் சின்னமே தவிர ஷாம்ராக் ஆகாது. இந்த வேறுபாட்டைக் கவனித்துச் செய்யும் கைவினைஞரின் வேலைக்கு மதிப்பு அதிகம் என்றே நான் கருதுகிறேன்.

இந்த அலங்காரத் தொழிலின் தாயகம் ஜெர்மனியின் துரிங்கியா மலைப்பகுதியில் உள்ள லவ்ஷா. அங்கு 1597இல் கண்ணாடி உலை நிறுவப்பட்டது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கிறிஸ்துமஸ் மரத்துக்கான கண்ணாடி அலங்காரங்கள் உருவாயின. 1867இல் எரிவாயு வந்தபின், கட்டுப்படுத்தக்கூடிய சூடான சுடர் கிடைத்ததால் மெல்லிய சுவருடைய பெரிய உருண்டைகளை ஊத முடிந்தது. கண்ணாடிக்குப் பனிக்கட்டியைப் போலத் திட்டமான உருகுநிலை கிடையாது. சாதாரண சோடா-சுண்ணாம்புக் கண்ணாடி ஏறத்தாழ 700 டிகிரி செல்சியஸுக்கு மேல் தன் எடையாலேயே தொய்யத் தொடங்கி, 1000 டிகிரியை நெருங்கும்போது விரும்பியபடி உருவமைக்கும் அளவுக்கு இளகுகிறது. சுடரிலிருந்து வெளியே எடுத்த சில நொடிகளிலேயே அது மீண்டும் இறுகிவிடும். ஊதுபவருக்குக் கிடைக்கும் நேரம் அவ்வளவுதான்.

அந்த நொடிகளுக்குள், இளகிய கண்ணாடிக் குமிழியை இரு பாதிகளாகத் திறக்கும் அச்சுக்குள் வைத்து மூடி ஊதுகிறார்கள். குமிழி விரியும்போது இலைகளுக்கு இடைப்பட்ட மேடுகளையே முதலில் தொடுகிறது. தொட்ட இடத்தின் வெப்பத்தை அச்சு உறிஞ்சிவிடுவதால் அங்கே கண்ணாடி உடனே இறுகித் தன் தடிமனைத் தக்கவைத்துக்கொள்கிறது. இன்னும் சூடாக உள்ள மற்றப் பகுதிதான் இலைகளின் நுனிவரை நீண்டு குழிகளை நிரப்ப வேண்டும். ஆகவே ஷாம்ராக்கின் இடுக்குகள் தடித்தும், இலை நுனிகள் மிக மெலிந்தும் அமைகின்றன. விளிம்பு தட்டுப்பட்டாலே உடைவது இதனால்தான். இலை நரம்பு போன்ற நுண்கோடுகளுக்குள் கண்ணாடி முழுமையாக இறங்குவதில்லை என்பதால், அவற்றைப் பின்னர் தூரிகையால் தீட்டுகிறார்கள்.

இந்த நிலையில் கையில் இருப்பது நிறமற்ற, உள்ளே வெறுமையான கண்ணாடி இலை. அதைப் பளபளக்கச் செய்வது வேதியியல். வெள்ளி நைட்ரேட் கரைசலில் அம்மோனியாவைச் சேர்த்து, குளுக்கோஸ் போன்ற ஒரு சர்க்கரையுடன் கலந்து, ஊதுகுழாயாக இருந்த நீண்ட காம்பின் வழியே உள்ளே செலுத்துகிறார்கள். பின்பு வெந்நீரில் பிடித்துக் குலுக்கினால், சர்க்கரையின் ஆல்டிஹைடு தொகுதி வெள்ளி அயனிகளுக்கு எலக்ட்ரான்களைக் கொடுக்க, உலோக வெள்ளி உட்சுவரெங்கும் படிகிறது. ஆல்டிஹைடுகளைக் கண்டறியப் பள்ளி வேதியியலில் நாம் படித்த டாலன்ஸ் சோதனையும் இதே வினைதான். ஜெர்மானிய வேதியியலாளர் யுஸ்டஸ் ஃபான் லீபிக் 1835இல் இவ்வினையைக் கண்டு, 1850களில் கண்ணாடிக்கு வெள்ளி பூசும் முறையாக அதை வளர்த்தெடுத்தார். அம்மோனியா வெள்ளி அயனிகளைப் பிணைத்து வைத்து வினையை நிதானப்படுத்துவதால், கரும்பொடியாக உதிராமல் ஆடி போன்ற சீரான படலம் கிடைக்கிறது. கலவையை நெடுநேரம் வைத்திருந்தால் அதில் வெடிக்கும் தன்மையுள்ள சேர்மம் உருவாகக்கூடும் என்பதால், வேண்டிய அளவை அவ்வப்போதுதான் கலக்க வேண்டும். செலவாகும் வெள்ளியோ மிகச் சொற்பம்: 7 சென்டிமீட்டர் விட்டமுள்ள உருண்டையில் 100 நானோமீட்டர் தடிமனுக்குப் படிந்தாலும் மொத்தம் சுமார் 16 மில்லிகிராம்தான் ஆகும்.

கடைசியில் வெளிப்புறத்தில் ஒளி ஊடுருவும் பச்சை வார்னிஷ் ஏறுகிறது. உள்ளே நுழையும் ஒளி வார்னிஷைக் கடந்து, வெள்ளியில் பட்டுத் திரும்பி, மறுபடியும் அதைக் கடக்கிறது. இரு முறையும் சிவப்பும் நீலமும் உறிஞ்சப்படுவதால் பச்சை செறிவடைகிறது. உண்மையான இலையின் பச்சையமும் அதே நிறங்களைத்தான் உறிஞ்சுகிறது, ஆனால் மிஞ்சும் ஒளி இலைக்குள் சிதறி மங்கலாக வெளிவருகிறது. கண்ணாடி ஷாம்ராக்கில் மூன்று இலைகளும் தனித்தனிக் குவியாடிகள் என்பதால், அருகிலுள்ள ஒற்றை விளக்கு மூன்று ஒளிப்புள்ளிகளாகத் தெரியும். இடுக்குகளிலோ ஓர் இலையில் பட்ட ஒளி பக்கத்து இலையிலும் பட்டுத் தெறித்து, வார்னிஷை நான்கு முறை கடந்தே கண்ணை வந்தடைகிறது. யாரும் தனியாக நிழல் தீட்டாமலே மடிப்புகள் கரும்பச்சையாகத் தோன்றுவது இந்த ஏற்பாட்டால்தான். இந்த அலங்காரத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் அதுவே.

அயர்லாந்தின் சொந்தக் கண்ணாடி மரபு வேறு வகையானது. 1783இல் வாட்டர்ஃபோர்டு நகரில் பென்ரோஸ் குடும்பத்தினர் தொடங்கிய ஆலை 1851இல் மூடப்பட்டு, 1947இல் அத்தொழில் அங்கே மீண்டும் உயிர்பெற்றது. ஈய ஆக்சைடு சேர்ந்த படிகக் கண்ணாடியின் ஒளிவிலகல் எண் அதிகம்; அதில் வெட்டப்படும் சாய்வு முகங்கள் வெள்ளிப் பூச்சு இல்லாமலே ஒளியை வளைத்து நிறம் பிரித்துக் காட்டுகின்றன.

ஊதிய ஷாம்ராக்கின் பலவீனம், காம்பை வெட்டி உலோக மூடி பொருத்திய அதன் கழுத்தில் இருக்கிறது. வெள்ளிப் படலம் கைபடாதபடி உள்ளே இருந்தாலும், காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள் உலோக மூடியின் இடைவெளி வழியே புகுந்து அதை வெள்ளி சல்பைடாகக் கறுக்கச் செய்யும். பழைய அலங்காரங்களில் கறை பெரும்பாலும் கழுத்தை ஒட்டியே தொடங்குவதைக் காணலாம். ஆகவே மூடியைக் கழற்றாமல், கந்தகம் கலந்த ரப்பர் பொருள்கள் அருகில் இல்லாத உலர்ந்த பெட்டியில் வைப்பதும், வார்னிஷ் உரியாதிருக்க ஈரத் துணியைத் தவிர்த்து மென்தூரிகையால் தூசி தட்டுவதும் போதுமானவை.