தன் சத்தத்தைத் தானே கழிக்கும் ரேடியோ

கோயில் திருவிழாவில் குழாய் ஸ்பீக்கருக்கு அடியில் நின்றுகொண்டு, எதிர்த் தெருவில் ஒருவர் கிசுகிசுப்பதைக் கேட்க முடியுமா? வைஃபை கருவியின் பாடு இதைவிடக் கஷ்டம். அது வெளியே அனுப்புவது சுமார் 100 மில்லிவாட். அது பிடிக்க வேண்டிய சிக்னலோ, ஒரு வாட்டில் லட்சம் கோடியில் ஒரு பங்கு வரைக்கும் தேய்ந்து வந்து சேரலாம். அதாவது தன் குரல், கேட்க வேண்டிய குரலைவிடப் பத்தாயிரம் கோடி மடங்கு பலமானது. பொறியாளர்கள் கணக்கில் 110 டெசிபல்.

அதனால்தான் ரேடியோக்கள் முறைவைத்துப் பேசுகின்றன. வைஃபை பேசும்போது கேட்காது. செல்போனில் போவதற்கும் வருவதற்கும் தனித்தனி அலைவரிசையோ தனித்தனி நேரமோ ஒதுக்குகிறார்கள். ஒரே அலைவரிசையில் ஒரே நேரத்தில் பேசிக் கேட்பது, ஒரே உறையில் இரண்டு கத்தியைச் செருகுவது போலத்தான் என்று பல காலம் எண்ணியிருந்தார்கள்.

ஆனால் ரேடியோவுக்குத் தான் என்ன பேசுகிறது என்பது தெரியுமே! வந்து விழுவதிலிருந்து அதைக் கழித்துவிட்டால் மிச்சம் அடுத்தவர் குரல்தானே?

2010இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கண்ணன் சீனிவாசன் உள்ளிட்ட ஐவர் ஓர் எளிய வழியைச் செய்து காட்டினார்கள். இரண்டு ஆன்டெனாக்கள் பேசும், ஒன்று கேட்கும். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓர் அலையின் நீளம் சுமார் 12 செ.மீ. பேசும் ஆன்டெனாக்களில் ஒன்றை, கேட்கும் ஆன்டெனாவிலிருந்து மற்றதைவிட அதில் பாதி, சுமார் 6 செ.மீ., கூடுதலாகத் தள்ளி வைத்தால், ஒன்றின் முகடும் மற்றதன் பள்ளமும் கேட்கும் ஆன்டெனாவில் சேர்ந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அழகான யோசனை. ஆனால் அந்தப் பாதி நீளம் ஒரே ஓர் அதிர்வெண்ணுக்குத்தான் சரியாகப் பொருந்தும். வைஃபை போல அகலமான அலைவரிசையில் ஓரங்கள் அழியாமல் தப்பிவிடும்.

சரி, கணினியிலேயே கழித்துவிடலாமே? அங்கேதான் இரண்டு முட்டுக்கட்டைகள். முதலாவது, சிக்னலை எண்ணாக மாற்றும் சிப். 12 பிட் சிப்புக்கு 4096 படிகள்தான். தன் கூச்சலே அத்தனை படிகளையும் நிரப்பிவிட்டால், கிசுகிசுப்பு ஒரு படிக்கும் கீழே போய்விடும். விறகு நிறுக்கும் தராசில் குண்டுமணித் தங்கத்தை நிறுப்பது போல. கழிப்பதற்கு எண்ணே இருக்காது.

இரண்டாவதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். ரேடியோ சொல்ல நினைத்தது வேறு, ஆன்டெனாவில் போனது வேறு. நடுவில் இருக்கும், சிக்னலைப் பலமாக்கும் பெருக்கி அதைச் சற்று வளைத்துவிடுகிறது, தன் இரைச்சலையும் சேர்த்துவிடுகிறது. 110 டெசிபல் கணக்கில் அந்தச் சின்னக் கோணலே மலை. நினைத்ததைக் கழித்தால் கோணல் அப்படியே நிற்கும்.

2013இல் அதே ஸ்டான்ஃபோர்டில் தினேஷ் பரதியா, எமிலி மெக்மிலின், சச்சின் கட்டி மூவரும் இதற்கு வழி கண்டார்கள். சிக்னல் ஆன்டெனாவுக்குப் போகும் வாசலிலேயே, பெருக்கியைத் தாண்டிய இடத்தில், அதில் கொஞ்சம் பிரித்தெடுத்தார்கள். கோணலும் இரைச்சலும் அந்த நகலிலேயே இருக்கும். அதை வெவ்வேறு தாமதமுள்ள பல தடங்களில் ஓட்டினார்கள். கேட்கும் பக்கத்துக்கு வந்து விழும் தன் குரல்தான் கசிவு. சில தடங்கள் அந்தக் கசிவைவிடச் சற்று முந்தி வரும், சில சற்றுப் பிந்தி வரும். ஒவ்வொன்றின் பலத்தையும் கூட்டிக் குறைத்து ஒன்றாகக் கலந்தால், கசிவின் சரியான அச்சு கிடைக்கும். அதைக் கழித்தபோதே 60 டெசிபல் போலக் குறைந்தது. அப்புறம் சிப் நிதானமாக எண்ணும். மிச்சத்தையும், சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலியையும் மென்பொருள் கழிக்கும். கசிவு மொத்தம் 110 டெசிபல் இறங்கி, சாதாரண இரைச்சலோடு இரைச்சலாகிவிட்டது. இத்தனைக்கும் ஒரே ஓர் ஆன்டெனாதான்.

வேகம் இரண்டு மடங்கை எட்டவில்லை, சோதனையில் 1.87 மடங்கு கிடைத்தது. இந்த அச்சு ஒருமுறை செய்து வைத்தால் தீர்ந்துவிடுவதும் இல்லை. ஆன்டெனா பக்கம் யாராவது நடந்தாலோ, கையை நீட்டினாலோ எதிரொலி மாறிவிடும். கருவி அத்தனை தடங்களையும் மறுபடி சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும்.