சும்மா சாப்பிடத்தானே போனோம்?

மாமாக் கடையில் இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து ரொட்டி சானாய் சாப்பிடுகிறார்கள். ஒருவருக்கு அது டேட்டிங், இன்னொருவருக்கு வேலை முடிந்த பசி, அவ்வளவுதான். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஆலோசகராக இளையோரிடம் பேசும்போது இந்தக் குழப்பத்தைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறேன்.

ஒரு பெண்ணின் கதையை அடையாளம் மாற்றிச் சொல்கிறேன். கூட வேலை செய்யும் பையன் மோட்டாரில் வீட்டுக்குக் கொண்டுவந்து விடுவான், வழியில் பாசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், ஏதாவது வாங்கித் தருவான், ராத்திரி வாட்ஸ்அப்பில் பேச்சு நீளும். அவளுக்கு அவன் நல்ல கூட்டாளி. அவனோ தன் நண்பர்களிடம் “நம்ம ஆளு” என்று சொல்லிவிட்டான். அது அத்தை காதுக்குப் போய், அங்கிருந்து அப்பாவுக்குப் போய், கடைசியில் அவளை வேலையை விடச் சொல்லிவிட்டார்கள். பையன் கெட்டவன் இல்லை, உண்மையிலேயே அவளும் விரும்புகிறாள் என்றுதான் நம்பியிருந்தான். இரண்டு பேரில் ஒருவரும் வாய் திறந்து கேட்கவில்லை.

ஏன் கேட்கவில்லை? வெட்கம் ஒரு காரணம்தான். தோட்டத்தில் இருந்த காலத்தில் யார் யாரோடு பேசினார்கள் என்பது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டுக்கு முன்பே லயத்து வரிசை வீடுகள் முழுக்கத் தெரிந்துவிடும், டவுனுக்குக் குடிவந்த பிறகும் அந்தக் கண்கள் கூடவே வந்திருக்கின்றன. அதனால் “சும்மா போனோம்” என்ற பேச்சு நம் பிள்ளைகளுக்கு, முக்கியமாகப் பெண்பிள்ளைகளுக்கு, ஒரு பாதுகாப்பு. அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் ஊருக்குச் சொல்கிற அந்தப் பதிலையே எதிரில் இருக்கிறவரிடமும் சொல்லிக்கொண்டிருந்தால்தான் சிக்கல். ஊரிடம் மறைக்க உங்களுக்கு உரிமை உண்டு. கூட வருகிறவருக்கோ எதற்காக வருகிறோம் என்று தெரியவேண்டும்.

பெரிய வசனம் வேண்டாம். “சனிக்கிழமை ஈப்போ போலாமா? உன்னைப் பிடிச்சிருக்கு, அதான் கேக்குறேன். இஷ்டம் இல்லன்னா பரவால்ல” என்று ஒரு மெசேஜ் போதும். பதில் சொல்பவரும் “வர்றேன், ஆனா கூட்டாளியா மட்டும்” என்று சொல்லலாம், “இப்ப தெரியல” என்றும் சொல்லலாம், அதுவும் நேர்மையான பதில்தான். ஒருமுறை சரி என்றவர் அடுத்த முறை வேண்டாம் என்றால் அந்தப் பதில்தான் கணக்கு.

அப்புறம் இந்தக் காசு விஷயம். யார் பில் கட்டினார், யார் மோட்டாருக்கு எண்ணெய் போட்டார் என்பதை வைத்து உறவை முடிவுசெய்யும் பழக்கம் ரொம்ப ஆழமாக இருக்கிறது. “இவ்வளவு செலவு செஞ்சேன், வேண்டாம்னா முன்னாடியே சொல்லியிருக்கலாமே” என்று பையன்கள் என்னிடம் கோபப்படுவார்கள். வலி புரிகிறது. ஆனால் தானாக விரும்பி வாங்கிக் கொடுத்த சாப்பாட்டுக்குக் கடன் பாக்கி கிடையாது, சங்கடமாக இருந்தால் முதல் நாளிலிருந்தே பாதிப் பாதி கொடுங்கள்.

மறுத்த பிறகும் வேலையிடத்து வாசலில் காத்து நிற்பது, விடாமல் மெசேஜ் அனுப்புவது, பரிசு அனுப்புவது எல்லாம் வேறு கதை. அப்படித் திரும்பத் திரும்பச் செய்து ஒருவரைப் பயப்பட வைப்பது மலேசியாவில் குற்றம். தண்டனைச் சட்டத்தின் 507ஏ பிரிவு 2023 மே மாதக் கடைசியில் நடைமுறைக்கு வந்தது, 3 ஆண்டு வரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். அந்த மெசேஜ்களை அழித்துவிடாதீர்கள், ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு போலீசில் புகார் செய்யுங்கள்.

பெற்றோரே, மகள் ஒருவரோடு சாப்பிட்டு வந்தாள் என்று யாராவது வந்து சொன்னால், வேலையை நிறுத்துவதற்கு முன்னால் அவளிடம் உட்கார்ந்து கேளுங்கள். பயந்துபோய் உங்களிடம் சொல்ல முடியாத பிள்ளைகள் அரசாங்கத்தின் உதவித் தொலைபேசிச் சேவையான தாலியான் காசே எண் 15999-க்கு அழைக்கலாம், ராத்திரியானாலும் எடுப்பார்கள்.