ஷியாங்து: வட்டாரமா, ஊர்மண்ணா?

சீனத்தில் ‘ஷியாங்’ என்றால் கிராமம், சொந்த ஊர். ‘து’ என்றால் மண். இரண்டும் சேர்ந்து இலக்கியத்துக்கு அடைமொழியாகும்போது ‘ஷியாங்து வென்ஷுவே’. இதை ‘வட்டார இலக்கியம்’ என்று தமிழில் எழுதிவிடத்தான் முதலில் தோன்றும். எனக்கு அது ஒப்பவில்லை.

1935இல் ஒரு சிறுகதைத் தொகுதியின் முன்னுரையில், நவீனச் சீன இலக்கியத்தின் முன்னோடி லூ சுன் இத்தொடரைக் கையாண்டார். பெய்ஜிங்கில் பேனா பிடித்து, குய்சோ போன்ற தொலைதூர மாகாணங்களைப் பற்றி எழுதிய இளைஞர்களை அவர் அப்படி அழைத்தார். அவர்களில் ஒருவரைப் பற்றி, எழுதத் தொடங்கும் முன்பே சொந்த ஊர் அவரைத் துரத்திவிட்டது என்கிறார். ஆக, இது பிறந்தபோதே ஊரை இழந்தவர்களின் எழுத்து. ஹுனான் மாகாணத்தின் மேற்குப் பகுதியை அழியாமல் எழுதிவைத்த நாவலாசிரியர் ஷென் சொங்வெனும் அந்த ஊரை விட்டு வந்தவரே.

அரை நூற்றாண்டு கழித்து, 1985இல், ‘இலக்கியத்தின் வேர்’ என்ற கட்டுரையில் எழுத்தாளர் ஹான் ஷாவ்கோங் இன்னொரு கேள்வி எழுப்பினார். பண்பாட்டுப் புரட்சிக் காலத்தில் ஹுனானின் மிலுவோவுக்குக் கிராம வேலைக்கு அனுப்பப்பட்டவர் அவர். அப்பகுதியில் பழங்காலத்தில் இருந்த சூ நாட்டின் பொலிவான பண்பாடு எங்கே போயிற்று என்று கேட்டார். மேற்கு ஹுனான் மலைகளில், மியாவ், தொங் ஆகிய சிறுபான்மை இன மக்களிடையே அதன் சாயல் இருக்கிறது என்பது அவருக்குக் கிடைத்த விடை. தேசத்தின் வேரைத் தேடிப் போனவர் தலைநகரையும் கன்பூசிய நெறியையும் விட்டு விளிம்புக்குப் போனார் என்பதுதான் இதில் பெரிய விஷயம். இந்த அலை ‘ஷுன்கென்’, அதாவது வேர்தேடல் எனப்பட்டது. நாவலாசிரியர்கள் ஜியா பிங்வா, மோ யான் ஆகியோரின் சொந்த ஊர்ப் பகுதிகளான ஷாங்சோவும் காவ்மியும் இதே காலத்தில் இலக்கிய வரைபடத்தில் ஏறின.

தைவானில் இதே தொடர் 1977–78இல் பெரும் விவாதமாக வெடித்தது. ‘ஊர்’ என்றால் எந்த ஊர்? தைவானின் அனுபவத்தில் ஊன்றிய தன்னுணர்வே அடிப்படை என்றார் தைவான் எழுத்தாளர் யே ஷிதாவ். தைவான் இலக்கியம் சீன இலக்கியத்தின் பகுதியே என்று மறுத்தார் இன்னொரு தைவான் எழுத்தாளர் சென் யிங்சென்.

வட்டாரம் என்றாலே ஒரு முழுமையின் துண்டு என்று பொருள். அச்சொல்லைத் தைவானுக்குப் பயன்படுத்தினால், நாம் அறியாமலே சென் பக்கம் தீர்ப்பு எழுதிவிடுகிறோம். ‘மண்வாசனை’யோ வெறும் ரசனைச் சொல். ‘ஊர்மண் இலக்கியம்’ என்பதே என் பரிந்துரை. ஷியாங்கும் துவும் அதில் நேராக உட்காருகின்றன. ஊர் எது என்பதை எழுதுகிறவரே சொல்லிக்கொள்ளலாம்.