சுடுவது என்ஜினா, பொய் சொல்வது மீட்டரா?

ஓசூரில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். சமையலில் இதை யாரும் பொருட்படுத்துவதில்லை. விமான என்ஜினின் வெப்பமானியைச் சோதிப்பவர் பொருட்படுத்தியாக வேண்டும்.

ஓசூர் அருகேயுள்ள பேளகொண்டப்பள்ளி விமானத் தளத்தில் ஒருகாலத்தில் தயாரான பி-68சி போன்ற சிறு விமானங்களில், காற்றால் குளிரும் லைகாமிங் என்ஜின்கள் இருக்கும். அவற்றின் சிலிண்டர் ஹெட் (சிலிண்டரின் மேல்மூடி) 260 டிகிரியைத் தாண்டக் கூடாது. அந்தச் சூட்டை அளக்கப் பெரும்பாலும் தெர்மோகப்பிளைத்தான் பொருத்துகிறார்கள். வேறு வேறு உலோகத்தாலான இரண்டு கம்பிகளை நுனியில் பற்றவைத்தால் அதுதான் தெர்மோகப்பிள். நுனிக்கும் மறுமுனைக்கும் வெப்பம் வேறுபட்டால் சிறு மின்னழுத்தம் பிறக்கும். இயற்பியலாளர் ஸீபெக் 1821இல் கவனித்த விளைவு இது. எந்த உலோகங்கள் என்பதைப் பொறுத்து கே, ஜே என்று வகைகள் உண்டு. கே வகையில் டிகிரிக்குச் சுமார் 41 மைக்ரோவோல்ட்; ஜே வகையில் 50க்குச் சற்று மேல்.

ஆக, கம்பி சொல்வது வெப்பத்தை அல்ல, வித்தியாசத்தை. மீட்டர் தானிருக்கும் இடத்தின் வெப்பத்தைக் கூட்டிக்கொண்டு காட்டுகிறது. கோளாறுகளில் பெரும்பகுதி இங்கிருந்துதான் கிளம்புகிறது.

உறை உரசித் தேய்ந்து இரு கம்பிகளும் நடுவழியில் தொட்டுக்கொண்டால், தொட்ட இடமே புதிய நுனி. சிலிண்டர் 200இல் இருக்க, மீட்டர் 60 காட்டும். இதைவிட ஆபத்தானது, அறுந்த கம்பியைச் சாதாரணச் செம்புக் கம்பியால் நீட்டுவது. இணைப்பு என்ஜின் அறையில் 80 டிகிரியிலும் மீட்டர் 30 டிகிரியிலும் இருந்தால், இடையிலுள்ள 50 டிகிரி கணக்கில் வராமலே போகும். உண்மையில் 250 இருக்க, விமானி 200 என்று நிம்மதியாகப் பறப்பார். நீட்டுவதற்கு அதே உலோகக் கம்பிதான் வேண்டும். நிறமும் ஏமாற்றும்: கார் பேட்டரியில் சிவப்பு பாசிட்டிவ், அமெரிக்க முறைத் தெர்மோகப்பிளில் சிவப்பு நெகட்டிவ். மாற்றி மாட்டினால் என்ஜின் சூடாகச் சூடாக முள் இறங்கும்.

ஹெட் கனமான உலோகம். ஒரு நொடியில் 50 டிகிரி ஏறவோ இறங்கவோ அதனால் முடியாது. அளவு துள்ளினால் தளர்ந்த கனெக்டரையோ, கெட்ட எர்த்தையோ பாருங்கள். ரேடியோவில் பேசும்போது மட்டும் துள்ளினால் சந்தேகமே வேண்டாம், அது மின் இரைச்சல்.

ஒரு சிலிண்டர் மட்டும் ஒத்துவராவிட்டால், புதிய புரோப் (சிலிண்டரில் பொருத்தும் தெர்மோகப்பிள்) வாங்கும் முன் (பலர் செய்வது அதைத்தான்) பக்கத்துச் சிலிண்டரின் புரோபோடு மாற்றிப் போடுங்கள். கோளாறு கூடவே போனால் புரோப் பழுது. போகாவிட்டால் வயர், மீட்டர், அல்லது உண்மையாகவே அந்தச் சிலிண்டர். ஸ்பார்க் பிளக்கின் அடியில் வளையமாக உட்காரும் புரோப் மட்டும் விதிவிலக்கு. திருகுக் குழியில் இறங்கும் புரோபோடு அதன் அளவு இயல்பாகவே ஒத்துப்போகாது.

கடைசியாக வெந்நீர். நுனியைக் கொதிநீரில் வைத்தால் ஓசூரில் மீட்டர் 97 காட்ட வேண்டும். மீட்டரையே சந்தேகித்தால், அதைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டரால் பாருங்கள். அறை 25 டிகிரி என்றால் கே வகை சுமார் 3 மில்லிவோல்ட், ஜே வகை 3.8 தரும். பழுதைச் சரிசெய்தபின் உரிமம் பெற்ற பராமரிப்புப் பொறியாளரின் கையெழுத்து கட்டாயம்.

எல்லாம் சரியாக இருந்தும் அந்தச் சிலிண்டர் சூடாகவே காட்டினால், மீட்டர் சொல்வது உண்மை. காற்றைச் சிலிண்டர் பக்கம் திருப்பும் பேஃபிள் தகட்டின் ரப்பர் மடங்கிக் கிடக்கிறதா, எரிபொருள் நாசில் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.